நிகர அயனிச் சமன்பாட்டின் வரலாறு

நிகர அயனிச் சமன்பாடு என்பது, நீர்க்கரைசலில் நடைபெறும் ஒரு வேதிவினையில் உண்மையாகவே மாற்றம் அடையும் அயனிகளையும் மூலக்கூறுகளையும் மட்டும் காட்டும் சமன்பாடு ஆகும். வினைக்கு முன்னும் பின்னும் எந்த மாற்றமும் இன்றிக் கரைசலில் இருக்கும் அயனிகள் பார்வையாளர் அயனிகள் எனப்படும். அவை இச்சமன்பாட்டில் இடம்பெறுவதில்லை. பள்ளி வேதியியலில் இது பெரும்பாலும் இருபுறமும் பொதுவாக உள்ளவற்றை அடித்துவிடும் கணக்காகவே கற்பிக்கப்படுகிறது. ஆனால் ஓர் அயனியை அடிப்பது, அது கரைசலில் தனித்து இருக்கிறது, வினையில் பங்கு கொள்ளவில்லை என்று சொல்வதற்குச் சமம். அப்படிச் சொல்லும் உரிமை வேதியியலாளர்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. அதற்கான சான்றுகள் சேர ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

மூன்று வகைச் சமன்பாடுகள்

சில்வர் நைட்ரேட் கரைசலுடன் சாதாரண உப்பின் கரைசலைச் சேர்த்தால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு உண்டாகிறது. இவ்வினையை மூன்று வகையில் எழுதலாம். முதலாவது மூலக்கூறு சமன்பாடு:

சில்வர் நைட்ரேட் + சோடியம் குளோரைடு → சில்வர் குளோரைடு + சோடியம் நைட்ரேட்

இரண்டாவது முழு அயனிச் சமன்பாடு. இதில் கரைந்துள்ள உப்புகள் அயனிகளாகப் பிரித்து எழுதப்படும்:

சில்வர் அயனி + நைட்ரேட் அயனி + சோடியம் அயனி + குளோரைடு அயனி → சில்வர் குளோரைடு (திண்மம்) + சோடியம் அயனி + நைட்ரேட் அயனி

சோடியம், நைட்ரேட் அயனிகள் இருபுறமும் ஒரே நிலையில் உள்ளன. அவற்றை நீக்கினால் மூன்றாவதான நிகர அயனிச் சமன்பாடு கிடைக்கிறது:

சில்வர் அயனி + குளோரைடு அயனி → சில்வர் குளோரைடு (திண்மம்)

சோடியம் குளோரைடுக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடையோ ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ சேர்த்தாலும் நிகர அயனிச் சமன்பாடு மாறுவதில்லை.

சமன்பாடு என்னும் கருத்து

பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் லவாய்சியே 1789இல் வெளியிட்ட தம் பாடநூலில், நொதித்தலுக்கு முன்னும் பின்னும் பொருள்களின் மொத்த நிறை மாறுவதில்லை என்பதை இயற்கணிதச் சமன்பாடு போலக் காட்டினார். பொருண்மை அழியா விதியே சமன்பாட்டைச் சமன்செய்வதற்கு அடிப்படை ஆயிற்று. சுவீடனைச் சேர்ந்த யோன்ஸ் யாக்கோப் பெர்சீலியஸ் 1813-14 ஆண்டுகளில் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடுகளை அறிமுகப்படுத்தியபின் வினைகளைச் சுருக்கமாக எழுத முடிந்தது.

ஆனால் பெர்சீலியஸின் பார்வையில் ஒவ்வொரு உப்பும் இரண்டு ஆக்சைடுகளின் சேர்க்கை. எடுத்துக்காட்டாக, காப்பர் சல்பேட் என்பது காப்பர் ஆக்சைடும் சல்பர் டிரைஆக்சைடும் இணைந்த பொருள் என அவர் கருதினார். இந்தப் பார்வையில் சல்பேட் என்னும் தனி அலகுக்கு இடமில்லை. இரண்டு உப்புக் கரைசல்கள் கலக்கும்போது அமிலப் பகுதியும் காரப் பகுதியும் இடம் மாறிக்கொள்கின்றன என்பதே அன்றைய விளக்கம். அதனால் கலவையில் உள்ள எல்லாப் பொருள்களும் வினையில் பங்கு கொள்வதாகவே எழுதப்பட்டது.

கே-லுசாக்கும் நாணய வெள்ளியும்

கொள்கை வருமுன்பே செய்முறை ஓரளவு வழிகாட்டியது. வெள்ளி நாணயங்களின் தூய்மையை அறிய, ஐரோப்பிய நாணயச் சாலைகளில் உலோகக் கலவையை ஈயத்துடன் உருக்கிப் புடமிடும் பழைய முறை வழக்கத்தில் இருந்தது. அம்முறை வெள்ளியின் அளவைச் சற்றுக் குறைத்தே காட்டியது. அதற்கு மாற்றாக, ஜோசப் லூயி கே-லுசாக் 1832இல் ஒரு தரம்பார்த்தல் முறையை வெளியிட்டார். நாணயத் துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அளவறிந்த உப்புக் கரைசலை அதில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். புதிய வீழ்படிவு தோன்றாத நிலையில் நிறுத்த வேண்டும். 100 மில்லிலிட்டர் கரைசல் சரியாக 1 கிராம் வெள்ளியை வீழ்படிவாக்கும் வகையில் உப்பின் அளவு அமைக்கப்பட்டது. இன்றைய கணக்கின்படி, அதற்கு ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 5.42 கிராம் உப்பு தேவை.

நாணயத்தில் வெள்ளியுடன் செம்பும் இருந்தது. அமிலத்தில் அதுவும் கரைந்து நீல நிறம் தந்தது. ஆனாலும் செம்பு அந்த அளவீட்டைக் கெடுக்கவில்லை. நைட்ரேட்டும் சோடியமும் கெடுக்கவில்லை. இன்றைய சொல்லில் இவை மூன்றும் பார்வையாளர் அயனிகள். வெள்ளிக்கும் குளோரைடுக்கும் இடையிலான விகிதமே விடையைத் தீர்மானித்தது. ஆயினும் மற்றவை ஏன் ஒதுங்கி நிற்கின்றன என்பதற்கு அன்று விளக்கம் இல்லை.

பாரடேயின் அயனிகள்

அயனி என்ற சொல் 1834இல் பிறந்தது. மின்னாற்பகுப்பை ஆராய்ந்த மைக்கேல் பாரடே, தம் கண்டுபிடிப்புகளை விளக்கப் புதிய சொற்களைத் தேடினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹூவெல் கிரேக்க மொழியிலிருந்து சொற்களைப் பரிந்துரைத்தார். செல்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே தமிழில் அயனி என வழங்குகிறது. நேர்மின்முனைக்குச் செல்வது எதிர்மின்சுமை கொண்ட எதிரயனி. எதிர்மின்முனைக்குச் செல்வது நேர்மின்சுமை கொண்ட நேரயனி.

இங்கு ஒரு வேறுபாடு முக்கியமானது. பாரடேயின் கருத்தில், மின்னோட்டம் பாயும்போதுதான் பொருள் அயனிகளாகப் பிரிகிறது. மின்கலத்துடன் இணைக்காத ஒரு குவளை உப்புநீரில் அயனிகள் தாமாகவே உள்ளன என்று அவர் கூறவில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜான் பிரடெரிக் டேனியல் 1839-40இல் அடுத்த அடியை எடுத்து வைத்தார். சோடியம் சல்பேட் போன்ற உப்புகளை மின்னாற்பகுத்த அவர், மின்சாரத்தைச் சுமந்து செல்வன ஆக்சைடுகள் அல்ல, உலோகமும் சல்பேட் என்னும் முழு அலகுமே எனக் காட்டினார். இன்று மாணவர்கள் சல்பேட், நைட்ரேட், கார்பனேட் ஆகியவற்றை உடைக்காமல் ஒரே அயனியாக எழுதுவதற்கு இந்த ஆய்வு வழி வகுத்தது.

1857இல் ருடால்ஃப் கிளாசியஸ் ஒரு கேள்வியை எழுப்பினார். மூலக்கூறுகளைப் பிளக்க மின்விசை தேவை என்றால், ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழ் மின்னோட்டமே பாயக் கூடாது. ஆனால் மிகச் சிறிய மின்னழுத்தத்திலும் கரைசலில் மின்சாரம் பாய்கிறது. எனவே மின்சாரம் பாயாத போதும் சில அயனிகளாவது தனித்து இருக்க வேண்டும் என அவர் முடிவு செய்தார்.

விளக்கம் தேடிய அளவீடுகள்

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய ஜெர்மைன் ஹெஸ், 1840களின் தொடக்கத்தில் ஒரு விந்தையைக் கவனித்தார். வீழ்படிவு தராத இரண்டு நடுநிலை உப்புகளின் நீர்த்த கரைசல்களைக் கலந்தால் வெப்பம் ஏறத்தாழ மாறுவதே இல்லை. உப்புகள் தம் பகுதிகளைப் பரிமாறிக்கொண்டு புதிய உப்புகள் உண்டாகின்றன என்றால், வெப்ப மாற்றம் எங்கே போயிற்று?

கோபன்ஹேகனின் ஜூலியஸ் தாம்சன் நூற்றுக்கணக்கான வினைகளின் வெப்பத்தை அளந்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலமோ நைட்ரிக் அமிலமோ, சோடியம் ஹைட்ராக்சைடோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ, எந்த இணையை எடுத்தாலும் நடுநிலையாக்கல் வெப்பம் ஒரு மோல் நீருக்கு ஏறத்தாழ 13.7 கிலோகலோரியாகவே இருந்தது. இன்றைய அலகில் இது ஏறத்தாழ 57 கிலோஜூல். உண்டாகும் உப்புகள் வேறு வேறாக இருக்கும்போது வெப்பம் மட்டும் ஒன்றாக இருப்பது ஏன் என்பதும் புதிராகவே நின்றது.

மூன்றாவது சான்று பிரடெரிக் கோல்ராஷின் அளவீடுகளிலிருந்து வந்தது. நேர்மின்னோட்டம் மின்முனைகளில் வேதிமாற்றம் உண்டாக்கி அளவீட்டைக் குலைக்கும் என்பதால் அவர் மாறுமின்னோட்டத்தைப் பயன்படுத்தினார். மிக நீர்த்த கரைசல்களில் பொட்டாசியம் உப்புக்கும் சோடியம் உப்புக்கும் உள்ள கடத்துத்திறன் வேறுபாடு, அவை குளோரைடுகளானாலும் நைட்ரேட்டுகளானாலும் ஒன்றாகவே இருந்தது. ஒவ்வோர் அயனியும் தன் துணையைப் பொருட்படுத்தாமல் நகர்கிறது என்பது இதன் பொருள். அயனிகளின் தனித்த இடப்பெயர்ச்சி விதி என இது அறியப்படுகிறது.

அர்ரீனியஸின் கொள்கை

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1884இல் மின்பகுளிகளின் கடத்துத்திறன் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். அதற்குத் தாழ்ந்த மதிப்பீடே கிடைத்தது. பல்கலைக்கழகத்தில் ஆசிரியராவதற்கு அது தடையாகும் நிலை இருந்தது. அவர் ஆய்வேட்டின் படிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ரீகாவில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் அதன் மதிப்பை உணர்ந்து, அதே ஆண்டில் உப்சாலாவுக்கே வந்து அவரைச் சந்தித்தார். அதன்பின் அர்ரீனியஸுக்கு உப்சாலாவில் பதவி கிடைத்தது.

அதே காலத்தில் நெதர்லாந்தின் வாண்ட் ஹாஃப், நீர்த்த கரைசல்களின் சவ்வூடு பரவல் அழுத்தம் வாயு விதிகளைப் பின்பற்றுகிறது எனக் காட்டினார். சர்க்கரைக் கரைசல் அந்த விதிக்குப் பொருந்தியது. உப்புக் கரைசல் பொருந்தவில்லை. சோடியம் குளோரைடு எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ இரு மடங்கு விளைவைத் தந்தது. உறைநிலைத் தாழ்விலும் இதே வேறுபாடு தெரிந்தது.

அர்ரீனியஸ் 1887இல் இவை அனைத்தையும் ஒரே கருத்தால் இணைத்தார். உப்புகளும் வலிமையான அமிலங்களும் காரங்களும் நீரில் கரைந்த உடனேயே, மின்சாரம் இல்லாமலே, பெருமளவு அயனிகளாகப் பிரிந்துவிடுகின்றன என்பதே அது. ஒரு துகள் இரண்டாகப் பிரிவதால் உறைநிலைத் தாழ்வு இரு மடங்காகிறது. ஹெஸ் கலந்த உப்புகளில் அயனிகள் முன்பும் தனித்திருந்தன, பின்பும் தனித்திருக்கின்றன. ஆகவே வினையே நடக்கவில்லை. தாம்சன் அளந்த எல்லா நடுநிலையாக்கல்களிலும் நடந்தது ஒரே வினை:

ஹைட்ரஜன் அயனி + ஹைட்ராக்சைடு அயனி → நீர்

சோடியமும் குளோரைடும் இதில் பங்கு கொள்ளவில்லை. அரை நூற்றாண்டாகத் தனித்தனியே கிடந்த புதிர்களுக்கு ஒரே விடை கிடைத்தது. நிகர அயனிச் சமன்பாட்டின் கருத்து இங்கேதான் உருப்பெற்றது. 1903ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அர்ரீனியஸுக்கு வழங்கப்பட்டது.

பகுப்பாய்வு வேதியியலில் மாற்றம்

ஆய்வுக்கூட மேசைக்கு இக்கொள்கையைக் கொண்டுவந்தவர் ஆஸ்ட்வால்ட். 1894இல் வெளியான பகுப்பாய்வு வேதியியலின் அறிவியல் அடிப்படைகள் பற்றிய அவரது நூல், உப்புப் பகுப்பாய்வின் சோதனைகளை அயனிகளின் வினைகளாக விளக்கியது. அதுவரை ஒவ்வொரு உப்புக்கும் உரிய வினைகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. அயனிகளின் வினைகளை அறிந்தாலே போதும் என்ற நிலை பிறந்தது.

சில்வர் நைட்ரேட் சோதனை இதற்கு நல்ல சான்று. சோடியம் குளோரைடு உடனே வெண்ணிற வீழ்படிவைத் தருகிறது. பொட்டாசியம் குளோரேட்டிலும் குளோரோஃபார்மிலும் குளோரின் உண்டு. ஆனால் அவை அவ்வாறு வீழ்படிவு தருவதில்லை. அச்சோதனை குளோரின் என்ற தனிமத்தைக் காட்டுவதில்லை. அது குளோரைடு அயனியையே காட்டுகிறது. குளோரேட்டில் உள்ள குளோரின் ஆக்சிஜனுடன் சேர்ந்து வேறோர் அயனியாக உள்ளது. குளோரோஃபார்மில் அது கார்பனுடன் உறுதியாகப் பிணைந்துள்ளது.

எதிர்ப்புகள்

இக்கொள்கையை அனைவரும் ஏற்கவில்லை. சோடியம் உலோகத்தை நீரில் இட்டால் அது தீவிரமாக வினைபுரியும். குளோரின் பசுமஞ்சள் நிற நச்சு வாயு. இவை இரண்டும் உப்புநீரில் தனித்தனியே அமைதியாக இருக்கின்றன என்பதை எப்படி நம்புவது என்று பலர் கேட்டனர். அணு வேறு, மின்சுமை பெற்ற அயனி வேறு என்பதே அர்ரீனியஸ் தரப்பின் விடை. 1897இல் எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே அந்த வேறுபாடு எதனால் ஏற்படுகிறது என்று காட்ட முடிந்தது.

ரஷ்யாவின் மெண்டலீவும் இங்கிலாந்தின் ஹென்றி ஆம்ஸ்ட்ராங்கும் இக்கொள்கையை எதிர்த்தனர். எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்த பிராக், உப்புப் படிகத்திலேயே சோடியம் குளோரைடு மூலக்கூறு என ஒன்று தனியே இல்லை எனக் காட்டியபின்னும் ஆம்ஸ்ட்ராங் இணங்கவில்லை. 1927இல் நேச்சர் இதழில் அக்கருத்தை அவர் கேலி செய்து எழுதினார்.

அமெரிக்காவின் லூயி காலன்பெர்க் எழுப்பிய எதிர்ப்பு செய்முறை சார்ந்தது. மின்சாரத்தைக் கடத்தாத பென்சீனில் காப்பர் ஒலியேட்டைக் கரைத்து ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்தபோதும் காப்பர் குளோரைடு உடனே வீழ்படிந்தது. அயனிகள் இல்லாமலும் விரைவான வினைகள் நடக்க முடியும் என இது காட்டியது. அர்ரீனியஸின் கொள்கையை இது வீழ்த்தவில்லை. ஆனால் அயனிச் சமன்பாடு எல்லாக் கரைப்பான்களுக்கும் உரியதன்று என்ற எல்லையை அது வரைந்தது.

வலிமைமிகு மின்பகுளிகளும் கோஷின் பங்கும்

அர்ரீனியஸின் கருத்துப்படி, வலிமையான மின்பகுளிகளிலும் ஒரு பகுதி மூலக்கூறுகளாகவே எஞ்சும். அது உண்மையானால், சோடியம் குளோரைடை முழுவதுமாக அயனிகளாகப் பிரித்து எழுதுவது தோராயமான வழக்கமே ஆகும். 1909இல் டென்மார்க்கின் நீல்ஸ் பியெரம், வலிமைமிகு மின்பகுளிகள் முற்றிலும் பிரிந்தே உள்ளன என வாதிட்டார். கல்கத்தாவில் பணியாற்றிய இளம் வேதியியலாளர் ஞான் சந்திர கோஷ், 1918இல் முழுமையான பிரிகையை அடிப்படையாகக் கொண்டு ஒரு கணிதக் கொள்கையை வெளியிட்டார். கரைசலில் அயனிகள் படிகத்தில் இருப்பதுபோன்ற ஒழுங்கில் அமைந்துள்ளன என்பது அவரது கருதுகோள். ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தை அது ஈர்த்தது. 1923இல் பீட்டர் டிபையும் எரிக் ஹக்கலும், ஒவ்வோர் அயனியையும் எதிர்மாறான மின்சுமை மிகுந்த ஒரு சூழல் மூடியுள்ளது எனக் கொண்டு சிறந்த கொள்கையை அளித்தனர். கோஷின் ஒழுங்கமைப்புக் கருதுகோள் கைவிடப்பட்டது. வலிமைமிகு மின்பகுளிகள் முழுமையாகப் பிரிகின்றன என்ற கருத்து நிலைபெற்றது.

மின்சுமையைச் சமன்செய்தல்

மூலக்கூறு சமன்பாட்டில் அணுக்களின் எண்ணிக்கை சமமானால் போதும். அயனிச் சமன்பாட்டில் மொத்த மின்சுமையும் இருபுறமும் சமமாக வேண்டும். சில்வர் நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியை வைத்தால் வெள்ளி படிகிறது; கரைசல் நீல நிறமாகிறது. இதை ஒரு செம்பு அணு, ஒரு சில்வர் அயனி என எழுதினால் அணுக்கள் சமமாகவே இருக்கும். ஆனால் இடப்புற மின்சுமை +1, வலப்புற மின்சுமை +2. சரியான சமன்பாடு இது:

செம்பு + 2 சில்வர் அயனி (+1) → காப்பர் அயனி (+2) + 2 வெள்ளி

ஒரு செம்பு அணு இழக்கும் இரண்டு எலக்ட்ரான்களைப் பெற இரண்டு சில்வர் அயனிகள் தேவை. அணுக்களை மட்டும் எண்ணுபவர் இந்தப் பிழையைக் காண முடியாது.

சிக்கலான வினைகளில் இதன் பயன் பெரிது. இரும்பின் அளவைப் பெர்மாங்கனேட்டால் கண்டறியும் முறையை பிரெஞ்சு வேதியியலாளர் மார்கெரிட் 1846இலேயே அறிமுகப்படுத்தினார். அவ்வினையின் நிகர அயனிச் சமன்பாடு:

பெர்மாங்கனேட் அயனி (–1) + 5 இரும்பு அயனி (+2) + 8 ஹைட்ரஜன் அயனி (+1) → மாங்கனீசு அயனி (+2) + 5 இரும்பு அயனி (+3) + 4 நீர்

இடப்புறம் –1, +10, +8 சேர்ந்து +17. வலப்புறம் +2, +15 சேர்ந்து +17. இத்தகைய வினைகளை ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் என இரு அரைவினைகளாகப் பிரித்து, எலக்ட்ரான்களைச் சமமாக்கிக் கூட்டும் அயனி-எலக்ட்ரான் முறையை எரிக் ஜெட்டும் விக்டர் லாமரும் 1927இல் வேதியியல் கல்வி இதழொன்றில் விளக்கினர். இன்றைய பாடநூல்களின் அரைவினை முறை அதுவே.

எழுதும் முறையும் அதன் காரணங்களும்

முதலில் சமன்செய்த மூலக்கூறு சமன்பாட்டை எழுத வேண்டும். பின் வலிமைமிகு அமிலங்கள், வலிமைமிகு காரங்கள், நீரில் நன்கு கரையும் உப்புகள் ஆகியவற்றை மட்டும் அயனிகளாகப் பிரிக்க வேண்டும். வீழ்படிவு, வாயு, நீர், வலிமைகுறை மின்பகுளி ஆகியவற்றைப் பிரிக்கக் கூடாது. அதன்பின் பொதுவான அயனிகளை நீக்கி, அணுக்களும் மின்சுமையும் சமமா எனச் சரிபார்க்க வேண்டும்.

மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இரண்டாம் படியில்தான். சுண்ணாம்புக் கல்லின் மீது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால், கால்சியம் கார்பனேட்டுடன் 2 ஹைட்ரஜன் அயனிகள் வினைபுரிந்து கால்சியம் அயனி, நீர், கார்பன் டைஆக்சைடு ஆகியவற்றைத் தருகின்றன. கால்சியம் கார்பனேட் நீரில் கரையாத திண்மம் என்பதால் அதைப் பிரிக்கக் கூடாது. அமிலத்துக்குப் பதில் வினிகரை ஊற்றினாலும் நுரை வரும். ஆனால் சமன்பாடு மாறும். வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம் மிகச் சிறிதளவே பிரிகிறது. ஆகவே அது முழு மூலக்கூறாக எழுதப்படும். அசிட்டேட் அயனி வலப்புறம் மட்டுமே தோன்றும். அதை அடிக்க முடியாது. அசிட்டிக் அமிலத்தின் நடுநிலையாக்கல் வெப்பம் 57 கிலோஜூலைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

பார்வையாளர் அயனிகளே இல்லாத வினைகளும் உண்டு. பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்தால் பேரியம் சல்பேட் வீழ்படிவும் நீரும் மட்டுமே உண்டாகின்றன. அக்கரைசலை ஒரு விளக்குடன் மின்சுற்றில் இணைத்தால், அமிலம் சேரச் சேர ஒளி மங்கி, இரண்டும் சரியான அளவில் கலந்ததும் விளக்கு அணைந்துவிடும். அமிலம் மிகுந்தால் மீண்டும் எரியும். கரைசலில் தனித்த அயனிகள் தீர்ந்துபோனதை இதனால் கண்ணாலேயே காணலாம்.

வரம்புகள்

நிகர அயனிச் சமன்பாடு வினையின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டுகிறது. இடையில் நிகழும் படிகளை அது காட்டுவதில்லை. ஹைட்ரஜன் அயனி என எழுதப்படுவது நீரில் தனித்து இருப்பதில்லை. அது நீர் மூலக்கூறுடன் இணைந்து ஹைட்ரோனியம் அயனியாக உள்ளது. செறிவு மிகுந்த கரைசல்களில் எதிர்மாறான அயனிகள் இணைகளாகச் சேர்வதும் உண்டு.

நீக்கப்பட்ட அயனிகள் கணக்கிலிருந்து முற்றிலும் மறைவதும் இல்லை. குளோரைடு அயனியை மட்டும் தனியே ஒரு குப்பியில் வைத்திருக்க இயலாது. கே-லுசாக்கின் முறையில் 1 கிராம் வெள்ளிக்குத் தேவைப்படும் குளோரைடின் நிறை ஏறத்தாழ 0.33 கிராம், ஆனால் தராசில் நிறுக்க வேண்டியது சோடியத்தையும் சேர்த்து ஏறத்தாழ 0.54 கிராம் உப்பு. வினையை விளங்கிக்கொள்ள நிகர அயனிச் சமன்பாடும், பொருளை நிறுத்து எடுக்க மூலக்கூறு சமன்பாடும் தேவைப்படுவதால், பாடநூல்கள் இரண்டையும் கற்பிக்கின்றன.